புரொபைலர்

ஒரு செய்நிரல் ஓடும்போது அதன் எந்தப் பகுதி எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று கணக்கெடுக்கும் கருவியே புரொபைலர். இதன் கதையை வேகத்தின் கதையாக எழுதுவது வழக்கம். ஆனால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு கோலம் தெரிகிறது: முந்திய கருவி எதை மறைத்தது, எதைப் பிழையாகச் சொன்னது என்று யாரோ கண்டுபிடித்த பிறகே அடுத்த கருவி பிறந்திருக்கிறது.

தொடக்கத்தில் பிழையாகச் சொன்னது கருவியல்ல, மனித ஊகம். 1971 இல் டொனால்ட் நூத் போர்ட்ரான் செய்நிரல்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். பாடநூல் மாதிரிகளை விட்டு, ஆட்கள் உண்மையில் எழுதிய செய்நிரல்களையே தேடினார். கழித்துப் போட்ட அச்சுத் தாள்களைக் கூடையிலிருந்து பொறுக்கியதும் அதில் அடக்கம். ஒரு செய்நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே ஓட்ட நேரத்தின் பாதிக்கு மேல் எடுக்கிறது என்பது கிடைத்த முடிவு. அவசரப்பட்டு மெருகேற்றுவது கேடு என்று பின்னர் அவரே எழுதியதைக் காட்டி, அளக்கவே தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. 1974 ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரையை அரைகுறையாகப் படித்தவர்களின் வாதம் அது. முக்கியமான 3 சதவீதத்தைக் கைவிடக் கூடாது, அது எதுவென்று அளந்தே அறிய வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

யுனிக்ஸில் வந்த புரொப் என்ற கருவி, குறித்த இடைவெளியில் செய்நிரலை எட்டிப்பார்த்து, அந்தக் கணத்தில் எந்தச் சார்பு, அதாவது செய்நிரலின் எந்தப் பெயரிட்ட துண்டு, ஓடுகிறது என்று குறித்துக்கொண்டது. நேரம் எங்கே போகிறது என்பது தெரிந்தது. யார் அழைத்ததால் போகிறது என்பது தெரியவில்லை. செய்நிரல்கள் சிறு சிறு சார்புகளாகப் பிரிக்கப்பட்டபோது இந்தக் குறை பெரிதாயிற்று. கலிபோர்னியாவின் பேர்க்லியில் சூசன் கிரஹாம், பீற்றர் கெஸ்லர், மார்ஷல் கேர்க் மக்கூசிக் ஆகியோர் 1982 இல் வெளியிட்ட ஜிபுரொப் இதற்கு விடை. யார் யாரை எத்தனை தடவை அழைத்தார் என்றும் அது எண்ணியது. ஆனால் அதன் கணக்கில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: ஒரு சார்பை யார் அழைத்தாலும் சராசரியாக ஒரே நேரம்தான் ஆகும் என்பது. பரீட்சைப் புள்ளிகளை வரிசைப்படுத்தும் சார்பு ஒன்றை வைத்துக்கொள்வோம். செய்நிரலின் பாடசாலைப் பகுதி சிறு பட்டியல்களோடு 99 தடவை அழைக்கிறது; மாவட்டப் பகுதி முழு மாவட்டப் பட்டியலோடு ஒரே தடவை அழைக்கிறது. மொத்தம் 10 செக்கன். ஏறத்தாழ முழுவதும் அந்த ஓர் அழைப்பில் போனது. ஜிபுரொப் 9.9 செக்கனைப் பாடசாலைப் பகுதியின் தலையில் போடும். அட்டவணையில் தசமம் வரை துல்லியம். பழி மட்டும் ஆள் மாறிவிட்டது.

ஜிபுரொப்புக்குச் செய்நிரலை மீளத் தொகுக்கவும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னலை அப்படி நிறுத்தித் தொகுக்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்ததில் ஐபிஎம்மின் இந்தியக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. வம்சி கிருஷ்ணா 2002 இல் கேபுரோப்ஸ் என்ற கருவியின் தொடக்க வடிவத்தை எழுதினார்; பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா ஆகியோர் வளர்த்தனர்; 2004 இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. வேலை செய்யும் விதம் எளிது. குறித்த இடத்தில் உள்ள கட்டளையின் நகலை எடுத்து வைத்துவிட்டு, அங்கே ஒரு நிறுத்தக் கட்டளையைச் செருகுகிறது. ஓட்டம் அங்கே வந்து தடுக்கியதும் தகவலைக் குறித்துக்கொண்டு, பழைய கட்டளையை நிறைவேற்றி, ஒன்றும் நடக்காததுபோல வழியனுப்பிவிடுகிறது. பயனர் செய்நிரல்களுக்கும் இதே வசதியைத் தரும் யூபுரோப்ஸ் 2012 இல் வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் சிறீகர் துரோணம்ராஜு. 2009 இல் லினக்ஸோடு வரத் தொடங்கிய பெர்ஃப் என்ற புரொபைலர் இன்று இவ்விரண்டையும் பயன்படுத்துகிறது.

கூர்மையான அடி 2010 இல் விழுந்தது. ஜாவாவுக்குப் பரவலாகப் பயன்பட்ட 4 புரொபைலர்களை மிற்கோவிச், டிவான், ஹவுஸ்வேர்த், ஸ்வீனி ஆகியோர் ஒரே செய்நிரல்களில் ஓட்டினர். அதிக நேரம் எடுப்பது எது என்பதில் அவை அடிக்கடி முரண்பட்டன. தற்செயலான கணங்களில் எட்டிப்பார்ப்பதற்குப் பதில், ஜாவா இயந்திரத்துக்கு வசதியான இடங்களில் மட்டும் அவை எட்டிப்பார்த்தன என்பதே காரணம். கருவியே பிழைக்குமென்றால் அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். நான்கு அளவீடுகளை அருகருகே வைத்ததால்தான் முரண் அகப்பட்டது. நான்கு பேரின் ஊகங்களை அப்படி வைத்தால் சச்சரவுதான் மிஞ்சும். கணினிகள்தான் வேகமாகிவிட்டனவே என்பது மற்றொரு மறுப்பு. செயலிகளின் கடிகார வேகம் 2000களின் நடுவிலேயே தேங்கிவிட்டதால் அதற்கு வலுவில்லை.

திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் ஒருவர் இந்த வரலாறு முழுவதையும் ஒரு சிறு பைத்தன் செய்நிரலிலேயே காணலாம். தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்று: அகராதிச் சொற்கள் ஒரு பட்டியலில் இருக்கின்றன, ஒவ்வொரு சொல்லும் அதில் உண்டா என்று ஒரு சார்பு பார்க்கிறது, யுனிக்கோட்டில் ‘கோ’ இரண்டு குறியீடுகள் என்பதால் குறியீடுகளை எழுத்தாகச் சேர்க்க இன்னொரு குட்டிச் சார்பு இலட்சக்கணக்கான தடவை அழைக்கப்படுகிறது. பைத்தனின் புரொபைலரான சிபுரொபைல் ஒவ்வோர் அழைப்பிலும் தலையிடுவதால் குட்டிச் சார்பின் நேரம் ஊதிப் பெருகும். பட்டியலைத் தலை முதல் கால் வரை துழாவும் ‘இன்’ என்ற சொல் சார்பல்ல, ஆகவே அதற்கு அட்டவணையில் தனி வரியே இராது. அதன் நேரம் அழைத்த சார்பின் கணக்கில் கரைந்துவிடும். அகராதியை செட் எனப்படும் தொடையாக மாற்றினால் அந்த நேரம் ஏறத்தாழ மறைந்துபோகும். அந்த மாற்றத்தை எந்த அட்டவணையும் பரிந்துரைக்காது. சிபுரொபைல் 2006 இல் வெளியான பைத்தன் 2.5 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக நிறுவ வேண்டியதில்லை.