திருமண வரவேற்பு

கல்யாணத்துக்கு வருபவரை வாசலில் எதிர்கொண்டு, சந்தனம், குங்குமம், கல்கண்டு கொடுத்து, பன்னீர் தெளித்து உள்ளே அழைக்கும் வழக்கம். மணமக்களை மேடையில் நிறுத்தி நடத்தும் மாலை நிகழ்ச்சிக்கும் இன்று இதே பெயர். இக்கட்டுரை வாசலைப் பற்றியது.

சங்ககாலத் திருமணத்தை நேரில் பார்ப்பதுபோலக் காட்டுபவை அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள். முதலாவதில் பந்தலிட்டுப் புதுமணல் பரப்பி, உளுந்து சேர்த்துச் சமைத்த உணவை ஓயாமல் படைக்கிறார்கள். அடுத்ததில் இறைச்சிச் சோறு. வாசல் சடங்கு எதுவும் சொல்லப்படவில்லை. உணவே வரவேற்பு. சிலப்பதிகாரத்திலோ பெண்களை யானைமேல் ஏற்றி, கண்ணகியின் திருமணத்தைப் புகார் நகருக்கே அறிவிக்கிறார்கள்.

சந்தனமும் வெற்றிலையும் மிகப் பழையவை. பன்னீர் பின்னால் வந்தது. ரோஜாவை வடித்து நறுநீர் எடுக்கும் தொழில் பாரசீகத்தில் செழித்தது. அதைத் தெளிக்கும் மரியாதை அரசவைகளில் பரவி, கல்யாண வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பன்னீர்ச் சொம்புக்கு நீண்ட ஒடுங்கிய கழுத்து, உச்சியில் மொட்டுப்போன்ற மூடி, அதில் ஊசித்துளைகள். கவிழ்த்து ஓர் உதறு உதறினால் நாலைந்து துளி விழும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் தமிழர் கல்யாணங்களில் இதே சொம்பு உண்டு.

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணத்திலிருந்து வளர்ந்த மரபு, வரவேற்பை மேடைக்கும் கொண்டுபோனது. கூட்டத் தலைவர், வரவேற்புரை, வாழ்த்துரை என்று கல்யாணம் பொதுக்கூட்ட வடிவம் பெற்றது. இத்திருமணங்களுக்கு 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சட்டத்திருத்தம் செல்லுபடி அளித்தது.

சென்னையின் மேற்கே முகப்பேர் போன்ற பகுதிகளில் மாற்றம் வேறு விதம். வீட்டுவசதி வாரியத்தின் மனைகளிலும் அடுக்குமாடிகளிலும் பல மாவட்டத்தார் குடியேறினார்கள். வாசலில் பந்தல் போட இடம் குறைய, கல்யாணம் மண்டபத்துக்குப் போனது. ஊர்ச் சொந்தக்காரர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உடன் வேலை பார்ப்பவர்கள், பக்கத்து பிளாட்காரர்கள் எல்லோரையும் அடையாளம் தெரிந்தவர் வீட்டில் ஒருவரோ இருவரோதான். வாசலில் சந்தனத் தட்டை ஏந்தி நிற்க வாடகைக்குப் பெண்களை அனுப்பும் ஏற்பாடும் வந்துவிட்டது. அவர்களின் வணக்கம் அழகாகத்தான் இருக்கும். வந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. “வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல” என்ற மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது. சொம்பு வெள்ளியா எவர்சில்வரா என்று எவரும் அவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பதில்லை.

2020இல் பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் கல்யாணத்துக்கு 50 பேருக்குமேல் கூடக் கூடாது என்றானபோது, பன்னீர்ச் சொம்பு இருந்த மேசையில் சானிடைசர் புட்டி வந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் சொம்பு திரும்பிவிட்டது. இன்றும் விவரமான குடும்பங்கள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, இரு வீட்டுச் சொந்தத்தையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த அத்தையையோ பெரியப்பாவையோ உட்கார வைக்கின்றன.