தபால் தலையும் பழமைப் பெருமையும்

பழமை என்ற ஒரு காரணத்தாலேயே ஒரு பொருளுக்கு மதிப்பு உண்டாகிவிடுமா? இக் கேள்வியை நம்மவர் பல இடங்களிற் கேட்க அஞ்சுவர். அஞ்சாது கேட்டு விடை காண்பதற்கு எளியதோர் இடம் உண்டு. அதுவே பழைய தபால் தலை.

உலகின் முதல் ஒட்டுந் தபால் தலை, இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி வழக்கிற்கு வந்த 'பென்னி பிளாக்' என்பதாகும். மூத்தது இதுவாதலின் விலையிலும் இதுவே தலையாயது எனக் கருதுவோமாயின் ஏமாறுவோம். ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம் தலைகள் அச்சிடப்பட்டன. இன்று எஞ்சி நிற்பனவும் மிகப் பல.

பதினாறாண்டு பிந்திப் பிறந்த ஒரு தலையின் வரலாற்றைக் காண்க. 1856-இல், தென் அமெரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் கயானாவிற்கு இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தபால் தலைகள் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. ஆதலின் உள்ளூர் அச்சகத்திலேயே ஒரு சதத் தலையைச் செந்நிறத் தாளில் அச்சிட்டனர். கள்ள அச்சிற்கு அஞ்சித் தபால் எழுத்தர்கள் அவற்றிற் கையொப்பக் குறியும் இட்டனர். 1873-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பழைய கடிதங்களிடையே ஒன்றைக் கண்டெடுத்து, ஆறு ஷில்லிங்கிற்கு விற்றான். மூலை வெட்டுண்ட அத் துண்டிற்கு ஐயமற்ற இணை வேறு அகப்படவில்லை. 2014-இல் அது 94 லட்சத்து 80 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. 2021-இல் 83 லட்சத்து 7 ஆயிரத்திற்கே போயிற்று. வயது ஏழாண்டு கூடிற்று, விலையோ குறைந்தது! வயதே விலையைத் தருவதாயின் இவ்வாறு நிகழுமோ?

நம் ஊரையும் நோக்குவோம். 1854 முதல் 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய இடங்களில் இந்தியத் தபால் தலைகளே வழங்கின. ஓர் அச்சிற் பிறந்த இரு தலைகளுள் ஒன்று சென்னையிலும் மற்றொன்று இங்கும் முத்திரை பெற்றிருக்கும். சிங்கப்பூர்த் தபாலகத்தின் 'பி 172' என்னும் எண் தெளிவாய் விழுந்த தலையைச் சேகரிப்போர் விரும்பித் தேடுவர். அந்த மைக்கறையே அதன் சரித்திரம். அழுக்கென்று அதனைக் கழுவுவோனும், உறையினின்று கிழித்தெடுப்போனும் தம் கையாலேயே அதன் மதிப்பை அழிக்கின்றனர்.

ஆகவே, பழந் தலை கையிலுள்ளோர் ஆராய வேண்டுவன மூன்று: எத்தனை எஞ்சியுள்ளன? கிழிசலின்றிப் பல்வரிசை கெடாது உள்ளதா? வேண்டுவோர் எத்துணையர்? விலைப் பட்டியலிற் காண்பது வணிகர் விற்கும் விலை. அவர் வாங்கும் விலை அதனிற் குறைவு. முன் நடந்த ஏலங்களில் உண்மையாகக் கிடைத்த தொகையுடன் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

ஒரு சதத் தாளையும் சோதித்தே ஏற்கும் நாம், பாட்டன் காலத்து வழக்கம் என்று கூறிச் சாதி ஏற்றத்தாழ்வைச் சோதியாமல் ஏற்பது எங்ஙனம் அறிவுடைமையாகும்? மனிதனை மனிதன் தாழ்த்தும் வழக்கம் ஆயிரம் ஆண்டு பழையதாயினும் செல்லாத் தலையே என்க.