முளையில் தெரிந்த பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அதனை உவமையாகவன்றி, கண்கூடான நிகழ்ச்சியாகவே நடத்திக் காட்டிய ஒருவர் அந்நாளில் பம்பாய் எனப்பட்ட மும்பையில் வாழ்ந்தார். மாதுங்காவிலும் தாதரிலும் குடியேறி வாழும் நம் தமிழன்பர்கள் பலர் தாதாசாகேப் பால்கே சாலை வழியே நாள்தோறும் சென்று வருகின்றனர். அச்சாலைக்குப் பெயர் தந்தவரே அவர்.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870-ஆம் ஆண்டு நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தார். ஓவியம், புகைப்படம், அச்சுத்தொழில், ஜாலவித்தை ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றார். ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் சலனப்படம் ஒன்றை மும்பையில் கண்டது முதல், நம் புராணக் கதைகளையும் அவ்வாறே திரையில் காட்டவேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. ஓயாது படங்களைப் பார்த்து ஆராய்ந்ததன் விளைவாகச் சில காலம் கண்ணொளியே மங்கிற்று. சிகிச்சையால் பார்வை மீண்டபின், ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடுவைத்துக் கடன் பெற்று, 1912 பிப்ரவரியில் லண்டன் சென்றார். வில்லியம்சன் படப்பிடிப்புக் கருவியை வாங்கிக்கொண்டு ஏப்ரலில் திரும்பினார்.

கருவி வந்து சேர்ந்தது, கைப்பொருளோ கரைந்துவிட்டது. முழுப்படம் எடுக்க மேலும் பொருள் வேண்டும். கண்ணால் காணாத ஒன்றை நம்பிப் பணம் தருவார் யார்? பால்கே வாதாடவில்லை, ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே கருவியை அசையாது நிறுத்தி, ஒரு மாதத்திற்கு மேலாக, இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்துவந்தார்.

இம்முறையின் நுட்பத்தைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஊமைப்படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் திரையில் ஓடின. நாளுக்கு ஒரு படம் வீதம் 30 நாட்கள் எடுத்தால், அத்தனையும் இரண்டு நொடிக்குள் ஓடி மறையும். ஒரு நிமிடக் காட்சி வேண்டுமாயின் 960 படங்கள் தேவை. அதாவது, நாளுக்கு 32. இடையில் கருவி சற்றே அசைந்தாலும் செடி திரையில் துள்ளிக் குதிக்கும். வெளிச்சம் மாறினால் காட்சி மினுக்கும். ஆகவே இது விரைவின் கலையன்று, காத்திருப்பின் கலை. பிற்காலத்தில் தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அவை தாமே கூத்தாடுவது போலவும் பால்கே ஒரு படம் எடுத்தார். செடி தானே வளர்ந்தது. குச்சியை மனிதன் கை நகர்த்தியது. வேறுபாடு அவ்வளவே.

பட்டாணிப் படம் திரையில் ஓடியபோது, விதை முளைத்துக் கொடியாகப் படர்வதைச் சில கணங்களில் கண்டவர்கள் வியந்தனர். கடன் கொடுக்கத் தயங்கிய கை நீண்டது. மனைவி சரசுவதிபாயின் நகைகளும் ஈடாயின. தாதரில் வேலை தொடங்கிற்று. நம் நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படமெனப் போற்றப்படும் ‘ராஜா ஹரிச்சந்திரா’, 1913 மே 3-ஆம் நாள் கிர்காமில் இருந்த காரனேஷன் அரங்கில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது.

அவ்வெற்றியைப் பேசுங்கால் சரசுவதிபாயை மறத்தல் ஆகாது. பகலில் படக்குழுவினர் அனைவருக்கும் சமைத்து, இரவில் இருட்டறையில் அமர்ந்து படச்சுருளுக்குத் துளையிட்டவர் அவர். பால்கே 1944-இல் மறைந்தார். 1969-இல் அவர் பெயரால் திரைப்படத் துறையின் உயரிய தேசிய விருது நிறுவப்பெற்றது. அம்மையாரின் பெயரை அறிந்தோர் சிலரே.

இன்று நம் கைப்பேசியே குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுத்து, மலர் விரிவதையும் மேகம் நகர்வதையும் கோத்துக் காட்டிவிடுகிறது. ஆயின் செடிக்கு அன்று வேண்டியிருந்த நாட்களே இன்றும் வேண்டும். அடுத்தமுறை அச்சாலையைக் கடக்கையில், நகைகளை ஈந்த அவ்வம்மையாரையும் ஒரு தொட்டிச் செடியையும் நேயர்கள் ஒருகணம் நினைவார்களாக.