அடுத்த வீட்டுச் சிரிப்பு

படக் கொட்டகை ஒன்றில் முந்நூறு பேர் கூடி அமர்ந்து, திரையில் நடக்கும் ஓர் அசட்டுக் கூத்தைக் கண்டு ஒருமிக்கச் சிரிக்கிறார்கள். எல்லோரும் ஒரே காரணத்துக்காகத்தான் சிரிக்கிறார்களா? வீட்டில் தனியே பார்க்கிறவனுக்கு இந்த ஐயம் எழாது. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் எழும்.

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்து, எள்ளலை முதலில் வைத்தார். பேதைமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். உரையாசிரியரான பேராசிரியர் இன்னும் ஒரு படி சென்று, எள்ளல் இருவகை என்றார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போதே தானும் நகுவது மற்றொன்று. கல்லூரியில் இதைப் படித்த நாளில் அந்த இரண்டாவது வகை எனக்கு விளங்கவில்லை. டில்லிக்கு உத்தியோகமாக வந்து, 'படோசன்' என்னும் பழைய இந்திப் படத்தை நண்பர்களுடன் பார்த்த பின்னரே விளங்கிற்று.

அந்தப் படம் 1968இல் வெளிவந்தது. ஆனால் அதன் கதை அதற்கும் 16 ஆண்டுகள் மூத்தது. அருண் சௌதுரி எழுதிய வங்காளச் சிறுகதை ஒன்று, 1952இல் 'பாஷேர் பாரி' என்ற படமாயிற்று. மறு ஆண்டே அது தெலுங்கில் 'பக்கயிண்டி அம்மாயி' ஆகி, ரேலங்கி கதாநாயகனாக நடித்தார். 1960இல் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' வந்தது. தெலுங்கில் நாயகியாக நடித்த அஞ்சலிதேவியே தமிழிலும் நாயகி. நாயகனோ, 'சபாபதி'யில் 1941இலேயே அசட்டுப் பிள்ளையாக வந்து தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்த டி. ஆர். ராமச்சந்திரன். இப்படி மூன்று மொழிகளைச் சுற்றிவிட்டே கதை பம்பாய் போய்ச் சேர்ந்தது.

கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வெகுளிப்பிள்ளை அடுத்த வீட்டுப் பெண்ணை விரும்புகிறான். அவளுக்குச் சங்கீதத்தில் பித்து. இவனுக்கோ கழுதைக் குரல். நண்பன் ஒருவன் மறைவில் இருந்து பாட, இவன் சன்னலில் நின்று வாயை மட்டும் அசைக்கிறான். அவ்வளவுதான். ஆயினும் இந்த அற்ப வித்தையில் ஒரு நுட்பம் உண்டு. இந்தியப் படங்கள் பெரும்பாலானவற்றில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற வழக்கம் அதற்குள் ஊறிப்போயிருந்தது. 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் நிதின் போஸின் 'பாக்ய சக்ரா'விலும், அதன் இந்தி வடிவமான 'தூப் சாவோன்' படத்திலும் தொடங்கி வைத்த வழக்கம் அது. சபையோர் நாள்தோறும் மனமறிந்து ஏமாறிக்கொண்டிருந்த அதே ஏமாற்றை, திரையில் ஒரு பெண் அறியாமல் ஏமாறுவதாகக் காட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இது பேதைமை பற்றிய நகை. கல்கத்தாவிலிருந்து மதராஸுக்கும், மதராஸிலிருந்து பம்பாய்க்கும் இதைக் கொண்டு செல்ல மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.

எள்ளல் அப்படியன்று. அதை ஊருக்கு ஊர் புதிதாகத் தைக்க வேண்டும். மதராஸில் எடுத்த படத்தில் மதராஸ்காரரை வேற்றாளாக்கிச் சிரிக்க வழியில்லை. பம்பாயில் அதற்கு வழியிருந்தது. 'படோசன்' படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் மாஸ்டர் பிள்ளை. குடுமி, நெற்றிக்குறி, வேட்டி, வாய்க்கு வாய் 'ஐயோ', உடைந்த இந்தி: தென்னாட்டார் என்றால் வடக்கே மனத்தில் எழும் உருவம் அத்தனையும் அவரிடம் உண்டு. அந்த வேடத்தைத் தாங்கிய மெஹ்மூத், படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவர். தமிழ்ப் படங்களுக்கு மிகவும் கடன்பட்டவர். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1966இல் இந்திக்குப் போனபோது நாகேஷின் வேடம் இவருக்கே கிடைத்தது. ஃபிலிம்பேர் நகைச்சுவை நடிகர் விருதையும் வாங்கித் தந்தது. 'சர்வர் சுந்தரம்' 1971இல் இந்தியானபோதும் நாகேஷின் இடத்தில் இவரே நின்றார்.

மறைந்து நின்று பாடும் நண்பனாக வந்தவர் கிஷோர் குமார். அவரைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. 1956இல் வெளிவந்த 'நியூ டில்லி' என்ற படத்தில் அவர் வேலை தேடி டில்லிக்கு வரும் பஞ்சாபி இளைஞர். அவரவர் நாட்டாருக்கே அவரவர் அறை கொடுப்பார்கள் என்பதால் தங்க இடம் கிடைக்காமல் அலைந்து, தமிழராக வேடம் பூண்டு அறை பிடிக்கிறார். வைஜயந்திமாலா நடித்த தமிழ்ப் பெண்ணைக் காதலிக்கவும் செய்கிறார். மொழிவழி மாநிலங்கள் பிறந்த ஆண்டு அது. சிரிப்பு முழுவதும் வேடம் போட்டவர்மேல் விழுந்தது, தமிழர்மேல் விழவில்லை. 12 ஆண்டு கழித்து அதே நடிகர், தமிழ் வாத்தியாரைப் பாட்டுப் போட்டியில் தோற்கடிக்கிறார்.

இடையில் 1965 கடந்திருந்தது. மதராஸ் மாநிலத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அரசின் சில வகை ஆவணங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவர வேண்டும் என்ற விதி அதில்தான் சேர்ந்தது. என் உத்தியோகம் அந்த விதி போட்ட சோறு. அதே ஆண்டின் இறுதியில் மாஸ்டர் பிள்ளை திரைக்கு வந்தார்.

என் பெரியப்பா 1963இல் எழுத்தராக டில்லிக்கு வந்தவர். அலுவலக நண்பர்கள் நால்வருடன் அந்தப் படத்துக்குப் போனாராம். பிள்ளை வாய் திறந்த போதெல்லாம் நால்வரும் முதலில் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் முதல் சில மாதங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பிள்ளை' என்றே பெயர். நம் ஊர்ப் படங்களில் சேட்டு வேடக்காரர் பேசும் உடைந்த தமிழுக்கு நாம் சிரித்ததில்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். "சிரித்தேன்டா. அப்போது பக்கத்தில் ஒரு சேட்டு உட்கார்ந்திருக்கவில்லையே" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடியிருப்பின் திறந்த வெளியில் மார்கழிக் குளிரில் வெள்ளைத் துணி கட்டி அதே படத்தைக் காட்டினார்கள். பல மாநிலத்தாரும் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தோம். பெரியப்பா வரமாட்டார் என்று எண்ணினேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை 'ஐயோ' என்றதும் முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். நானும் சிரித்தேன். என்னைக் கேட்காமலே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணம் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாயிருந்தது.

பிறகு அந்தப் பாட்டுப் போட்டி வந்தது. இரண்டு சன்னல்கள், ஒன்றில் பிள்ளை, மற்றதில் வாயசைக்கும் வெகுளி, அவன் பின்னே கிஷோர் குமார். பிள்ளைக்குக் குரல் கொடுத்தவர் மன்னா டே. தம் சிற்றப்பா கே. சி. டேயிடமும் உஸ்தாதுகளிடமும் முறையாகப் பயின்றவர். கிஷோர் குமாருக்கோ முறையான சிட்சை கிடையாது. பிள்ளை சுரம் தவறாமல் ஏறுகிறார். எதிர்த் தரப்பு திடீரெனப் பாட்டை விட்டுக் கூவலிலும் குளறலிலும் இறங்கிவிடுகிறது. பிடித்த சுரம் எங்கே போயிற்று என்று தெரியாமல் பிள்ளை திண்டாடுகிறார். கூட்டம் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்து அவர் பக்கம் சாய்ந்தேன். சிரிப்புத்தான்.

"பிள்ளைவாள் எங்கேடா தோற்றார்? தாளத்தில் கடைசிவரை நின்றவர் அவர்தான். நடுவர் இல்லாத போட்டி!" என்றார். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்த பஞ்சாபி முதியவர், இவர் என்ன சொன்னார் என்று என்னிடம் விசாரித்தார். இந்தியில் சொன்னேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்து, தம் போர்வையின் ஒரு பாதியைப் பெரியப்பாவின் முழங்கால்மேல் இழுத்து விட்டார்.

படம் முடிந்து துணியை அவிழ்க்கப் போனார்கள். "அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றார் பெரியப்பா.