கோலி சோடாவும் ஒரு பழைய கடனும்



1986-இல் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், கோலி சோடாவை உடைக்கிறதுக்கு முன்னாடி உள்ளே ஒரு குமிழிகூடத் தெரியலை. உடைச்சதும் அத்தனையும் எங்கிருந்து சார் வருது?" "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்காரு" என்றேன். உண்மையில், எனக்கே அன்று சரியாக விளக்கத் தெரியாது. அதன்பின் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அந்தக் கடனை இன்று அடைக்கிறேன்.

1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் குடிவந்தார். பக்கத்திலேயே பீர் காய்ச்சும் ஆலை. புளிக்கும் தொட்டிகளின் மேல் ஒரு வாயு படிந்து நின்றது. எரியும் குச்சியை நீட்டினால் அணைந்துவிடும். அதைத்தான் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். அந்த வாயுவுக்குள் வைத்து, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீர் சுறுசுறுவென்று குடிக்க இதமாக மாறியது. சுண்ணக்கட்டியில் கந்தக அமிலம் விட்டு வாயு எடுத்து இதைச் செய்யும் முறையை 1772-இல் சிறுநூலாக வெளியிட்டார். கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்று நம்பினார். அது நடக்கவில்லை, அந்த நோய்க்கு வேண்டியது வைட்டமின் சி. ஆனால் சோடா நிலைத்துவிட்டது. 1783-இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார்.

உன் கேள்விக்கான விடை 1803-இல் வில்லியம் ஹென்றி எழுதியதில் இருக்கிறது. மேலே அழுத்தம் கூடினால், தண்ணீரில் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் கூடும். 1870-களில் லண்டனில் ஹிராம் காட் கோலி பாட்டிலை உருவாக்கினார். உள்ளிருக்கும் வாயுவே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிக்கொள்ளும். கோலியைத் தட்டியதும் அழுத்தம் குறைகிறது. அத்தனை வாயுவையும் தண்ணீரால் இனிப் பிடித்துவைக்க முடியாது. கண்ணாடியின் கீறல்களிலும் தூசிகளிலும் ஒதுங்கி, குமிழியாகத் திரண்டு மேலே வருகிறது. அதுவரை அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே இருந்தது, தம்பி.

பக்கத்து ஆலைத் தொட்டியும் அந்தப் பாதிரியாரின் பாடத்தில் இல்லாததுதான். நல்ல வேளை, அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

உனக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். இதைப் படித்தால், அன்று கேட்காமல் விட்ட அடுத்த கேள்வியைக் கேள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்கிறேன்.