பலெம்பாங்கின் கடற்கொள்ளைத் தலைவன்

நக்கவாரம் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டில் வென்ற இடங்களைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ஸ்ரீவிஜயத்தோடு மாநக்கவாரத்தையும் குறிக்கின்றது. இன்று நிக்கோபார் என வழங்குவது அதுவே. அத்தீவுகளுக்குக் கிழக்கே மலாக்கா நீரிணை தொடங்குகிறது. நம் கடலிலிருந்து சீனம் செல்லும் நேர்வழி அதுதான்.

அவ்வழியின் தென்கோடியில், ஸ்ரீவிஜயத்தின் பழைய தலைநகரான பலெம்பாங்கில், சோழர் வந்து சென்று ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் சென் சூயி என்னும் சீனன் அமர்ந்திருந்தான். குவாங்டுங் மாநிலத்தவன், மிங் வமிசத்தின் முதற் பேரரசர் காலத்தில் குடும்பத்தோடு தப்பி வந்து, அங்கே தலைவனானவன். பெருஞ்செல்வனென்றும், கொடியவனென்றும், அயலார் கப்பல் எது வந்தாலும் பொருளைப் பறிப்பவனென்றும் மா ஹுவான் எழுதுகிறார். இவர் சீனத் தளபதி செங் ஹோவின் பிற்காலப் பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர். (என் தொழிலுக்கு மூத்தவர் என்று அவரைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே.) சுமத்திராவின் வடபுறமிருந்து நல்ல காற்றில் மூன்று நாள் ஓடினால் தென்படும் தீவு மலைகளையும், அவற்றுள் உயர்ந்தது அந்தமான் எனப்படுவதையும் அவர் குறித்துள்ளார்.

செங் ஹோ 27,000க்கு மேற்பட்டோருடன் 1405இல் புறப்பட்டுக் கோழிக்கோடு வரை வந்தார். 1407இல் திரும்பும் வழியில் சென் சூயியைப் பணியுமாறு அழைத்தார். அவன் பணிவதுபோல் நடித்துத் தாக்கத் திட்டமிட்டான் என்கின்றன மிங் ஏடுகள். போரில் அவன் கூட்டத்தார் ஐயாயிரம் பேர் மாண்டனர். பத்துக் கப்பல்கள் எரிந்தன, ஏழு பிடிபட்டன. தலைவன் தலைநகர் நான்கிங்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான்.

அவன் கொள்ளையனே, அதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டில்தான் அவன் தன் மகனைத் திறைப்பொருளோடு பேரரசரிடம் அனுப்பியிருந்தான். அப்போது அரசவை அதை ஏற்றுக்கொண்டது. ஒரே ஆண்டில் திறை செலுத்தியவன் கொள்ளையனானது எவ்வாறு என்று கேட்கத் தோன்றுகிறது. அவனது சூழ்ச்சியைச் செங் ஹோவுக்கு அறிவித்தவன் ஷி சின்சிங் என்னும் மற்றொரு பலெம்பாங் சீனன். சென் சூயி ஒழிந்த அதே ஆண்டில் பலெம்பாங்கின் ஆட்சிப் பதவி மிங் அரசால் ஷி சின்சிங்கிற்கே அளிக்கப்பட்டது. அவனுக்குப் பின் அப்பதவியை ஏற்றவள் அவன் மகள்.