தேயிலை அட்டையும் கூடைக் கயிறும்

விக்டோரியா மகாராணி காலத்து வணிகர் தம் சரக்கின் பெருமையைச் சிறு வண்ண அட்டைகளில் அச்சிட்டுக் கடைக்கு வருவோர்க்கு இலவசமாக வழங்கினர். நிறத்துக்கொரு கல்லாக வைத்துக் கல்லச்சிற் பதித்த படங்கள் அவை. முன்புறம் சித்திரம், பின்புறம் சவர்க்காரத்தின் அல்லது மருந்தின் புகழ். வண்ணப்படம் அரிதாயிருந்த வீடுகளில் அவற்றை ஏடுகளில் ஒட்டிப் பேணினர். அந்த ஏடுகள் கலைந்து, அட்டைகள் இன்று பழம்பொருட் கடைகளுக்கு வந்திருக்கின்றன.

இலங்கையும் அவற்றில் இடம்பெற்றது. 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டிச் சிங்கர் தையல் இயந்திரக் கம்பனி வெளியிட்ட பல்நாட்டு உடை வரிசையில் இலங்கைக்கும் ஓர் அட்டை உண்டு. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கியபின், தேயிலை விளம்பரங்களில் தமிழ்ப் பெண்ணும் ஏறினாள்.

அத்தகைய தேயிலை அட்டையொன்றைச் சென்ற ஆண்டு கண்டியில், பழம்பொருட் கடையொன்றிற் கண்டேன். விலை என் சம்பளத்துக்கு எட்டவில்லை. கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வந்தேன். கடைக்காரர் முகஞ்சுளித்தார் என்பது வேறு விடயம். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, இடுப்பில் அணைத்த கூடை, முகத்திற் புன்னகை. மழையுமில்லை, அட்டைக்கடியுமில்லை, கங்காணியுமில்லை.

அவள் மூதாதையர் மலைக்கு வந்த வழியை நாம் மறந்துவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டக் காலந்தொட்டு, தமிழகத்தின் ஏழை உழவர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டிலே நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோரின் சந்ததியாரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1977 வன்செயலுக்குப் பின் பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின.

அக்குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கின்றனர். படத்தைக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், இது பிழை. எங்க அப்பாயி கூடைக் கயித்தைத் தலையில மாட்டி முதுகிலதான் போட்டுக்குமாம். இடுப்பில வச்சா ரெண்டு கையாலயும் எப்படிக் கொழுந்து பறிக்கிறது?”

ஓவியன் காணாததை அவள் கண்டாள்! நூறாண்டுக்கு மேலாகச் சேகரிப்போர் கைமாறி வந்த பிழையல்லவா அது?

அப்பாயியின் படம் ஏதேனும் வீட்டில் உண்டா என்று கேட்டேன். இல்லை. 2009 சனவரியில் உடையார்கட்டும் ‘பாதுகாப்பு வலய’த்துள் அடங்கியதாக அறிவிக்கப்பட்டது, எறிகணைகள் அங்கும் விழுந்தன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதிற் படப்பெட்டி எங்கோ தவறிப்போயிற்று. கிழவி மட்டும் இருக்கிறாள். வரும் சனிக்கிழமை அவளிடம் போகிறோம், எழுதுவதற்குக் கொப்பியோடு.